மயில்சாமி அண்ட் சன், பருத்தி விதை, பிளானோ

நஞ்சுண்டனின் பிக்கப் வண்டிக்கு அவரைவிட மூன்று வயது கூட. அறுபத்தொன்பதாம் வருஷத்துச் செவ்ரலே. அவருக்கோ பிளானோவில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கிற வேலை. ஏற்றி இறக்க மூட்டை கிடையாது, ஓட்டிப் பார்க்க நிலம் கிடையாது. பிறகு எதற்கய்யா பிக்கப் என்று யாராவது கேட்டால், சும்மா ஓர் ஆசைதான் என்று மழுப்புவார்.

அது சும்மா ஆசை இல்லை. கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து வந்து இருபத்துச் சொச்சம் வருஷமாக டெக்ஸஸில் குப்பை கொட்டிவிட்டார். கிரீன் கார்டு வந்தது, சிட்டிசன்ஷிப்பும் வந்தது. ஆனால் பல் டாக்டரிடம் போனாலும் சரி, பக்கத்து வீட்டில் பார்ட்டிக்குப் போனாலும் சரி, எந்த ஊர் என்று கேட்பார்கள். பிளானோ என்பார். அது சரி, நிஜமாக எந்த ஊர் என்பார்கள். அந்த இரண்டாவது கேள்விதான் அவருக்கு ஆகாது. கேட்கிறவர்கள் கெட்டவர்களாக இருந்தாலாவது கோபித்துக்கொள்ளலாம்; எல்லாரும் நல்ல மனிதர்களாக இருந்து தொலைத்தார்கள். டெக்ஸஸில் பழைய பிக்கப் ஓட்டுகிறவனிடம் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள் என்று அவராக ஒரு கணக்குப் போட்டுத்தான் வண்டியை வாங்கினார்.

வாங்கியபோது வண்டி செக்கச்செவேலென்று, குரோம் முலாமெல்லாம் கண்ணைப் பறிக்க இருந்தது. சனிக்கிழமை காலையில் ஒரு சர்ச்சின் பார்க்கிங் லாட்டில் பழைய வண்டிக்காரர்கள் கூடுவார்கள். பெருமையாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே இருந்தவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, குரோமெல்லாம் போன காலத்துச் சமாசாரம், இப்போது வண்டி தரையோடு தரையாக உட்கார வேண்டும், சக்கரம் பெரிசாக இருக்க வேண்டும் என்றார்கள். சரியென்று வண்டியை இறக்கி, பெரிய சக்கரம் போட்டார். வீட்டு வாசல் ஏற்றத்தில் ஏறும்போதெல்லாம் அடிவயிறு உரசிச் சத்தம் போடும். அதற்குப் பழகுவதற்குள், பளபளப்பே கூடாது, மங்கலான கறுப்புதான் இப்போது எடுப்பு என்றார்கள். கறுப்படித்தார். அவர் மனைவி மரகதம், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இந்த எமன் வண்டியில் கோயிலுக்கு வரமாட்டேன் என்று தன் காரைத் தனியாக எடுத்துக்கொண்டு போனாள்.

கறுப்பு காய்ந்துகூட இருக்காது, பாட்டினா வந்துவிட்டது. பாட்டினா என்றால் வெயிலில் வெளிறி, மழையில் துருப்பிடித்து, உரிந்து போன பழைய பெயிண்டை அப்படியே விட்டு வைப்பது. அதை நிஜமாகவே விட்டு வைத்தவன் கொடுத்து வைத்தவன். நஞ்சுண்டனைப் போல புதுப் பெயிண்ட் அடித்துவிட்டவர்களுக்கு? அதற்கும் வழி இருந்தது. பக்கத்து ஊரான கார்லண்டில் ரூபென் என்று ஒரு பெயிண்டர் இருந்தான். பெயிண்டைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, வேண்டிய இடத்தில் துருப்பிடிக்கவிட்டு, பிடித்த துரு மேலும் பரவாமல் அதன் மேல் கண்ணாடிபோல ஒரு பூச்சும் பூசித் தருவான்.

"ஏனுங்க, பழைய வண்டியப் புதுசாக்கற கடையக் கேள்விப்பட்டிருக்கறேன்" என்றாள் மரகதம். "நல்லா இருக்கற பெயிண்டச் சொரண்டித் துருப்பிடிக்க வெக்கறதுக்குமா கடை வெச்சிருக்கறாங்கொ?"

நஞ்சுண்டனுக்கே புரியாத ஒன்றை அவர் மனைவிக்கு எப்படி விளக்குவார்? எல்லாரும் செய்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்தபோது, குங்குமம் எது, துரு எது என்று தெரியவில்லை.

வேலை முடிகிற நேரத்தில்தான் ரூபென் கதவைத் தட்டிக்காட்டி, இங்கே ஒரு பேர் எழுத வேண்டும் என்றான். பழைய காலத்தில் கடைக்காரர்கள் கதவில் கடைப்பேரும் ஊரும் எழுதி வைத்திருப்பார்களாம். பாதி அழிந்த அந்த எழுத்து இருந்தால்தான் பாட்டினாவுக்கு முழு அழகு. இல்லாதவர்கள் தாங்களாகவே ஒரு கடையை இட்டுக்கட்டி எழுதிக்கொள்கிறார்கள் என்றான். உங்கள் குடும்பத்தில் என்ன வியாபாரம் என்று கேட்டான். நஞ்சுண்டனின் அப்பா மயில்சாமி மின்வாரியத்தில் கிளார்க்காக இருந்தவர். ஓட்டியது சைக்கிள். ஒரு தீப்பெட்டிகூட விற்றதில்லை. ரூபென் யோசித்தான். இந்தப் பக்கமெல்லாம் அந்தக் காலத்தில் பருத்திக்காடுதான், பருத்தி விதை என்று போட்டுவிடலாம் என்றான். கோபியென்று ஊர்ப்பேர் போடச் சொன்னார் நஞ்சுண்டன். அது எடுபடாது, உள்ளூர்ப் பேர்தான் பொருந்தும் என்றுவிட்டான் ரூபென். அப்படித்தான் கதவில் பாதி அழிந்த வெள்ளை எழுத்தில் 'மயில்சாமி அண்ட் சன், பருத்தி விதை, பிளானோ' என்று வந்தது. அடியில் மூன்றே இலக்கத்தில் ஒரு பழைய ஃபோன் நம்பர் வேறு.

பொய் தொடங்கியது கேஸ் ஸ்டேஷனில். வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது தொப்பிக்காரர் ஒருவர் வந்து கதவைப் படித்தார். உன் தாத்தா வண்டியா என்று கேட்டார். நஞ்சுண்டன் நம் ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஓர் ஆட்டு ஆட்டினார். அதற்கு ஆமாம் என்றும் அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம், அந்தப் பேச்சை விடுங்கள் என்றும் அர்த்தம். தொப்பிக்காரர் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். நல்ல வண்டி, பத்திரமாக வைத்துக்கொள் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். எந்த ஊர் என்று கேட்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து சேரும்வரை நஞ்சுண்டனுக்கு நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. இவ்வளவுதானா விஷயம் என்று இருந்தது.

அப்புறம் சனிக்கிழமைகளில் தலையாட்டுவது வாடிக்கையாகிவிட்டது. வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதில் அவருக்கு ஓர் அற்ப திருப்தி. அங்கே வேய்ன் என்று ஒருவர் வருவார். பிளானோவிலேயே பிறந்து வளர்ந்து, ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஊரின் பழைய கதைகளுக்கு அவர்தான் ஆதாரம். முதல் தடவை கதவைப் படித்துவிட்டு, இப்படி ஒரு கடை எனக்கு ஞாபகம் இல்லையே என்றார். நஞ்சுண்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாட்டிக்கொண்டோம் என்று அடுத்த சனிக்கிழமை போகவேயில்லை. அதற்கடுத்த வாரம் போனபோது வேய்ன் தாமாகவே தேடிக்கொண்டு வந்தார். ஞாபகம் வந்துவிட்டது என்றார். ரயில் தண்டவாளத்தை ஒட்டித் தகரக்கூரை போட்ட கடை. ஒல்லியாக, உயரமாக ஒரு மனுஷர். பேச்சே குறைவு. அப்பாவோடு விதை வாங்கப் போனால் எனக்கு மிட்டாய் கொடுப்பார், அவர்தானே உன் தாத்தா என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

நஞ்சுண்டனுக்குத் தலை சுற்றியது. தாம் இட்டுக்கட்டிய கடையை இவர் எங்கிருந்து பார்த்தார்? வேய்ன் பொய் சொல்கிறவர் இல்லை. வேறு யாரோ ஒரு கடைக்காரர் மேல் இந்தப் பேரை ஒட்டிக்கொண்டுவிட்டாரோ? அதைவிட வேடிக்கை, மின்வாரியத்து மயில்சாமியும் ஒல்லி, உயரம், பேச்சுக் குறைச்சல். ஒரு நிமிஷம் அந்தத் தகரக்கூரைக் கடையில் தம் அப்பா நிற்பதை அவரே பார்த்துவிட்டார். பார்த்தது பிடித்தும் இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

ஊர் விழாவில் பிளானோவின் பழைய குடும்பத்து வண்டிகள் ஊர்வலமாகப் போகும், உன் வண்டியையும் அதில் சேர்க்கப்போகிறேன், வருகிற சனிக்கிழமை சரியென்று ஒரு வார்த்தை சொல் என்றார் வேய்ன்.

வீட்டில் ஒளிக்க முடியவில்லை, சொல்லிவிட்டார். அவர் மகள் யாமினி ஹைஸ்கூல் கடைசி வருஷம்; அடுத்த இலையுதிர்காலத்தில் காலேஜுக்குப் போகிறவள். தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. அவள் அப்பாவைப் பார்த்த பார்வையே போதும். இது பொய், தலையாட்டினாலும் பொய்தான், ஒரு வயசானவரை ஏமாற்றுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினாள். மரகதம் அவ்வளவு தூரம் போகவில்லை.

"பேசாம மறுக்கா பெயிண்ட் அடிச்சுப்போடுங்கொ. எழுத்தும் போச்சு, வம்பும் போச்சு. உங்களுக்கு அது புதுசுங்களா?"

அதுவும் நல்ல யோசனைதான் என்று ரூபெனைக் கூப்பிட்டார். ரூபெனும் அதையேதான் சொல்லக் காத்திருந்தான். பாட்டினா முடிந்துவிட்டது, இனிமேல் வண்டி ஃபேக்டரியிலிருந்து வந்தது போலவே இருக்க வேண்டும், அதே கலர், அதே சின்னச் சக்கரம், அதே உயரம், எல்லாரும் அதற்குத்தான் மாறுகிறார்கள், கொண்டுவாருங்கள், எழுத்தை எடுத்துவிடலாம் என்றான். பெரிய சக்கரத்துக்கும் கறுப்புக்கும் துருவுக்கும் மறுபேச்சுப் பேசாமல் தலையைக் கொடுத்த நஞ்சுண்டன், அன்றைக்கு முதல்முறையாக, யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஃபோனை வைத்துவிட்டுக் கராஜில் போய் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றார். தமக்கு இந்த வண்டி எப்படி இருந்தால் பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. எழுத்து போகக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

பெயிண்ட் அடித்து மறைப்பதும் பொய்தான், நேரில் சொல்ல வேண்டும், நானும் கூட வருவேன் என்றாள் யாமினி. அப்பா வழியில் மனசு மாறிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை இரண்டு பேரும் போனார்கள். வேய்னிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார் நஞ்சுண்டன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றா? ஒரு சின்னக் குழப்பம் நடந்துவிட்டது என்றா? எதைச் சொன்னாலும் அந்த மனுஷரின் மிட்டாயைப் பிடுங்குகிற மாதிரிதான் இருந்தது. யாமினி கையைக் கட்டிக்கொண்டு வண்டிக் கதவோரமாகக் காவல் நின்றாள்.

வேய்ன் தம் நண்பர் ஒருவரோடு வந்தார். நண்பர் சிரித்த முகத்தோடு யாமினியைப் பார்த்து, நீ எந்த ஊரம்மா என்று கேட்டார்.

பிளானோ என்றாள் யாமினி. அந்தக் குரலை நஞ்சுண்டன் அதுவரை கேட்டதில்லை. ஒவ்வொரு எழுத்தையும் இறுக்கிப் பிடித்து, அடுத்து வரப்போவதற்குத் தயாராக நிற்கிற குரல். எத்தனை தடவை சொல்லிச் சொல்லி அப்படி ஆகியிருக்கும் என்று அவருக்குத் திக்கென்றது. தம்மை மட்டும்தான் கேட்கிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

நண்பர் இரண்டாவது கேள்விக்கு வாயெடுத்தார். அதற்குள் அவர் கண் யாமினிக்குப் பக்கத்தில் இருந்த கதவின் மேல் விழுந்தது. மெதுவாகப் படித்தார். ஓ, சரி சரி, பிளானோதான் என்று சொல்லிவிட்டு, கல்லூரிக்கு எங்கே போகப்போகிறாய் என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

யாமினியின் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்து தொங்கின. பிறகு ஏதோ ஒரு காலேஜின் பெயரைச் சொன்னாள்.

நஞ்சுண்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேய்ன், இந்தக் கதவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார். வேய்ன் காதைச் சாய்த்தார். யாமினி அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"ஹி கேம் டு ஸே யெஸ்" என்றாள்.

ஊர்வலத்துக்குச் சம்மதம் கிடைத்ததில் வேய்னுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டு பேரின் கையையும் மாறி மாறிக் குலுக்கினார். உன் கொள்ளுத்தாத்தா ரொம்ப நல்ல மனுஷர் என்று யாமினியிடம் சொன்னார். அவளும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

திரும்பும் வழியில் நஞ்சுண்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் கண்ணு, நீதான பொய் கூடாதுன்ன?" என்று கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள். இரண்டாவது கேள்வி வந்தால் அப்பாவுக்குச் சொல்ல ஒரு கோபி இருக்கிறது, அம்மாவுக்கும் இருக்கிறது, எனக்கு இந்த ஊரை விட்டால் சொல்வதற்கு ஓர் ஊரும் இல்லை, எல்கேஜியிலிருந்து அதைத்தான் சொல்கிறேன், ஒருத்தரும் நம்புவதில்லை, இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருத்தர் நம்பினார் என்றாள். அடுத்த வாரம் நானே வந்து வேய்னிடம் உண்மையைச் சொல்கிறேன், இந்த ஒரு வாரம் மட்டும் இருக்கட்டும் என்றாள்.

"ஐ'ம் ஃப்ரம் ஹியர், அப்பா."

தெரியும் சாமி என்று சொல்ல நினைத்தார் நஞ்சுண்டன். மகள் சொல்கிற பச்சை உண்மையை ஒருவர் நம்புவதற்கு அவருடைய பொய்தான் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. இதில் யார் மேல் கோபப்படுவது, யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று அவருக்குப் புரியவில்லை. அழுகை மட்டும் முட்டிக்கொண்டு வந்தது. சிக்னல் பச்சையாகிவிட்டிருந்தது. வீட்டுக்கு நேராகப் போக வேண்டும். வேய்னிடம் என்றால் வண்டியைத் திருப்ப வேண்டும். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.