இலை போடாத தண்ணீர்

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், எங்கள் லோறென்ஸ்கூக் வீட்டுக் குசினி யன்னலில் ஒரு சிறிய செப்புக் குடம் இருக்கிறது. இரண்டு கோப்பைத் தண்ணீர்தான் பிடிக்கும். விளிம்பில் ஒரு நசுங்கல். மாதம் ஒருமுறை பழப்புளி போட்டு மினுக்கி மறுபடியும் அதே இடத்தில் வைப்பேன். அதில் நான் தண்ணீர் குடித்ததில்லை, பூ வைத்ததுமில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்ததா என்று கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவேன். உண்மையில் அது மதுரைக் குடம். அதைத் தந்தவள்மேல் எனக்கு இருந்த எரிச்சலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நல்லவளைப் போல நடித்து எழுத எனக்கு வராது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒஸ்லோவில் ஒரு புற்றுநோய் ஆய்வுகூடத்தில் நான் உதவியாளராக இருந்தேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் வருவார்கள், போவார்கள். செல் வளர்ப்பது என் வேலை. மார்புப் புற்றுநோய்ச் செல்களைப் போத்தல்களில் இட்டு, இளஞ்சிவப்பு நிற ஊட்டநீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்து வளர்க்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊட்டநீர் மாற்றாவிட்டால் செத்துப்போகும். ஈஸ்டருக்கு ஊரே மலைக்குப் பனிச்சறுக்கப் போய்விடும். நான் வெறிச்சோடிய பேருந்தில் ஏறிச் செல்களைப் பார்க்கப் போவேன். ஒன்பது வருடம் அப்படிப் போனேன். புதிதாக வருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, தேதி எழுதாமல் ஒரு போத்தலையும் வைக்கக் கூடாது என்பது. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு என்னுடையது. அங்கே இருக்கிற போத்தல்களில் நான் தமிழில் எழுதிவைப்பேன். என்னவென்று புரியாததால் ஒருவரும் தொடமாட்டார்கள்.

ஒரு டிசம்பரில், ஆய்வுகூடத்து நத்தார் விருந்தில், எங்கள் தலைவரான பேராசிரியருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து நாட்டு வைத்தியர்கள் மார்புக் கட்டிக்குக் கொடுக்கிற இலைகளைப் பற்றி, எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் வியர்க்க வியர்க்கச் சொன்னேன். அவற்றை நம் செல்களில் போட்டுப் பார்க்கலாமே என்றேன். சுவாரசியமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டார். நாலு வருடம் கழித்து அதே யோசனை மதுரையிலிருந்து தட்டச்சு செய்த காகிதத்தில் வந்தது. அதற்கு மூன்று வருட ஆராய்ச்சி இடமும் யன்னலோர மேசையும் கிடைத்தன.

வந்தவளுக்கு இருபத்தாறு வயது. நேரே தங்கச்சி என்று கூப்பிடுவேன், மனதுக்குள் மதுரைக்காரி. அவளுக்காகப் பேராசிரியர் வணக்கம் சொல்லப் பழகினார். ஒன்பது வருடமாக எனக்காக அதைப் பழக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒருநாள் தேநீர் வேளையில், "அக்கா, நீங்க ஓம்னு சொல்றது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, மந்திரம் சொல்ற மாதிரி இருக்கு" என்றாள். அதை ஆங்கிலத்தில் மற்றவர்களுக்கும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். "உமக்கென்ன, அந்தச் சின்னப் பிள்ளையோடை போட்டியோ?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு ஆறிய சோறுதான் கிடைத்தது. பகிடி பண்ணினாள் என்பதைக்கூட மறந்திருப்பேன். இரண்டு மாதத்தில் என் செல்கள் அவள் கையிலும் நன்றாக வளரத் தொடங்கின. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதினொரு மூலிகை கொண்டுவந்திருந்தாள். பத்தை ஊறவைத்து வடித்துச் செல்களில் விட்டுப் பார்த்தாள், செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினோராவது ஒரு புளிப்பு இலை. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் நாளைக்கே யாராவது தேடிப் போவீர்கள். அதை விட்ட இரண்டாம் நாள், போத்தலின் அடியில் ஒட்டியிருந்த செல்கள் எல்லாம் கழன்று தூசி போல மிதந்தன. பேராசிரியர் வெள்ளிக்கிழமை பாதாம் மா போர்த்திய மாசிப்பான் கேக் வாங்கிவந்தார். "முதல் துண்டு அக்காவுக்கு, செல்லெல்லாம் அவங்களோடதுதானே" என்று என் தட்டில் வைத்தாள். எனக்கு மாசிப்பான் என்றால் உயிர். அன்று அதைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சனிக்கிழமை கோயிலில் எல்லோருக்கும் செய்தி தெரிந்திருந்தது. "இந்தியப் பிள்ளை ஒண்டு கான்சருக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டுதாமே?" என்று என்னையே கேட்டார்கள். அடுத்த கிழமை நாட்டின் மறுகரையில் இருக்கிற ஸ்தவாங்கரிலிருந்து கூடத் தொலைபேசி வந்தது.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்துத் தேநீர் அறையில் கைகழுவப் போனேன். தொட்டியின் ஓரத்தில் இந்தக் குடம் இருந்தது. மற்றப் பத்து மூலிகையையும் கண்ணாடிக் குவளைகளில் ஊறவைத்தவள், இதை மட்டும் செப்பில் ஊறவைத்திருக்கிறாள். ஊர் வைத்தியரின் குறிப்பில் அப்படி இருந்ததாம். அதை மீறக் கூடாது என்று மதுரை வீட்டிலிருந்து குடத்தையே கொண்டுவந்திருக்கிறாள். குடத்தின் உள்ளே பார்த்தேன். தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு பச்சைக் கோடு. செப்புப் பாத்திரம் தேய்த்து வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தப் பச்சையைத் தெரியும். புளிப்புப் பட்டால் செப்பு கரையும். அந்தத் தண்ணீர் நஞ்சு. மதுரைக்காரி விடுதியில் எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். பேராசிரியர் தேநீர் அறைத் தொட்டியை எட்டிப் பார்க்கிறவரில்லை. அந்தப் பச்சைக் கோட்டைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த வெள்ளி அவள் போன பிறகு குடத்தில் தண்ணீர் ஊற்றி, இரண்டு தேசிக்காய் பிழிந்து ஊறவைத்தேன். இலை ஒன்றும் போடவில்லை. மறுநாள் வடித்து, புற்றுநோய்ச் செல்களிலும் நோயில்லாத சுகமான செல்களிலும் விட்டேன். திங்கட்கிழமை பார்த்தால் இரண்டும் செத்துக் கிடந்தன. மிஞ்சிய தண்ணீரைப் போத்தலில் அடைத்து, என்ன ஏது என்று எழுதி, தேதி போட்டுக் கீழ்த்தட்டில் வைத்தேன். வாய் திறக்கவில்லை. மூன்று கிழமையில் வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வருகிற கூட்டம் இருந்தது. அவள் பேசி முடித்ததும் எழும்பி, செப்புக் குடத்தில் வெறும் புளித்தண்ணீரை ஊறவைத்துப் பார்த்தீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று எத்தனையோ தரம் சொல்லிப் பழகினேன்.

அதற்குள் ஒஸ்லோவின் பியோர்ண்டாலிலிருந்து தமிழ்ப் பள்ளி ரீச்சர் கூப்பிட்டார். என் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர். மார்பில் புற்றுநோய், ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை, நீர் அங்கை வேலை செய்யிறனீர், உண்மையைச் சொல்லும். அந்த இலை வேலை செய்யுதெண்டால் நான் இந்த மருந்தேத்திறதை விட்டிடுறன். என்னாலை ஏலாமல் கிடக்கு."

"எனக்கு வடிவாத் தெரியாது ரீச்சர். இன்னும் பாத்துக்கொண்டிருக்கினம்."

இவ்வளவுதான் சொன்னேன். ரீச்சருக்கு உண்மையைச் சொன்னால் பொழுதுபடுவதற்குள் அது மதுரைக்காரியின் காதுக்குப் போய்விடும். கூட்டத்துக்கு முன் அவள் பிழையைத் திருத்திவிடுவாள். என் கேள்விக்கு வேலை இல்லாமல் போகும். தொலைபேசியை வைத்துவிட்டு மீன் பொரித்தேன். அந்தக் கிழமை ரீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கூட்டத்துக்குச் சில நாள் முன், மதிய இடைவேளையில் வெண்ணெய் பூசிய பாண் துண்டைக் கடித்துக்கொண்டே மதுரைக்காரி கேட்டாள். "அக்கா, தேசிக்காய்னா எலுமிச்சம்பழம்தானே?" ஓம் என்றேன். சிரிப்பதற்கு இன்னொரு சொல் பொறுக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்ட நாளன்று பத்து மூலிகையின் படங்களையும் காட்டினாள். கடைசியாகத் திரையில் வந்தது இந்தக் குடம். செல்களைக் கொன்றது இலையில்லை, குடத்திலிருந்து கரைந்த செப்பு. அது சுகமான செல்களையும் கொல்கிறது, ஆகவே தன்னிடம் மருந்து எதுவும் கிடையாது என்றாள். ஒரு வருட வேலையைத் தன் வாயாலேயே குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, இதை முதலில் கண்டுபிடித்தது நானில்லை, அதோ இருக்கிற அக்கா என்று என்னைக் காட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அந்தக் கட்டடத்தில் எனக்காகக் கேட்ட முதல் கைதட்டல் அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்குக் கீழ்த்தட்டுப் போத்தலில் தமிழில் எழுதியிருக்கிறது: செப்புக்குடத் தண்ணீர், தேசிக்காய் விட்டது, இலை இல்லை. தமிழ் வாசிக்கிற ஒருத்தி அங்கே வந்து ஒரு வருடமாகிவிட்டதை நான் யோசிக்கவே இல்லை.

வெளியே வந்ததும், "கோயில் பக்கம் யாராவது இதை நம்பிட்டு இருக்காங்களா அக்கா?" என்று கேட்டாள். ரீச்சரைப் பற்றிச் சொன்னேன். "வாங்க, இப்பவே போயிரலாம்" என்று குளிர்க் கோட்டை மாட்டினாள். பியோர்ண்டாலில் ரீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நான் தப்புப் பண்ணிட்டேன் டீச்சர். ஆஸ்பத்திரி மருந்தை மட்டும் விட்டுராதீங்க" என்றாள். பக்கத்தில் இருந்த நான் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தேன். ரீச்சர் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்றைக்கும் என் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குத் தவறாமல் கூப்பிடுகிறார். அவர் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொரித்த மீனின் மணம் வரும்.

பிறகு கொண்டுவந்த மூலிகைகளிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. எது வேலை செய்யவில்லை என்பதை ஒரு சின்னக் கட்டுரையாக எழுதினாள். அதில் இரண்டாவது பெயர் என்னுடையது. ஊருக்குத் திரும்புகிற நாள் குடத்தைப் பேப்பரில் சுற்றி என் மேசையில் வைத்தாள். நான் அந்தப் போத்தலைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அப்பவே உமக்குச் சொல்ல நினைச்சனான் என்றோ என்னவோ ஒரு பொய். அவள் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"போத்தல்ல தேதி போட்டிருந்தீங்க அக்கா. தேதி எழுதாம எதையும் வைக்காதேன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

முகத்தில் கோபமே இல்லை. என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று கிழமை நான் பேசாமல் இருந்தது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அத்தனை பேருக்கு முன்னால் என்னைக் காட்டியிருக்கிறாள். அவள் இடத்தில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெட்கம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் குடத்தைக் கையில் எடுக்கும்போது முதலில் வருவது அதே பழைய பொறாமைதான். அன்று அவளுடைய மேசைமேல் பொறாமைப்பட்டேன், இப்போது அவளுடைய மனதின்மேல் படுகிறேன். இன்று காலையும் குடத்தை மினுக்கினேன். உள்ளே விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். பச்சைக் கோடு எதுவும் இல்லை.