அச்சுதன் கேட்காத கியர்பாக்ஸ்

அச்சுதன் நல்லவன். நல்லவன் என்றாலே பாதி முட்டாள். இவன் முக்கால். வாயைத் திறந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவன் பெண்டாட்டி ரமா கடைசிக் காலத்தில் ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கிச் சீரழிந்திருக்க வேண்டாம். பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. கிட்னி இரண்டும் போன உடம்பு. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் படுத்துக்கொண்டு போய், படுத்துக்கொண்டு வந்திருப்பாள். அவள் ஆசைப்பட்டதே அவ்வளவுதான்.

அவன் கோவில்பட்டிக்காரன். கட்கியில் ராணுவச் சாமான் கிடங்கில் கிளார்க் வேலை கிடைத்து இருபது வயதில் பூனாவுக்கு வந்தவன். என் வீட்டுக்காரர் கல்யாணசுந்தரத்துக்கும் அதே கிடங்கில்தான் வேலை. விஷ்ராந்த்வாடியில் ஒரே கட்டடத்தில் நாங்கள் இரண்டாம் மாடி, அவர்கள் மூன்றாம் மாடி. என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பான், என்னை மதினி என்பான். சொந்தம் ஒன்றும் கிடையாது. ஊர்ப்பக்கத்து ஆள் என்றால் இங்கே சொந்தம்தான். ரமா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் இல்லை. அதை வைத்து யாராவது பேச வந்தால் அச்சுதன் தன் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். வந்தவர் தானாக ஓடிவிடுவார்.

அந்தக் காரை இரண்டு ஆண்களும் ஒரே மாதத்தில் வாங்கினார்கள். ஹிரானோ என்று ஒரு ஜப்பான் கம்பெனி. கியர் மாற்ற வேண்டாம், தானாகவே மாற்றிக்கொள்ளும். அவனுடையது வெள்ளை, எங்களுடையது சாம்பல். அது ஒன்றைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

அந்தக் கம்பெனியின் கதையை அச்சுதன் ராமாயணம் மாதிரி சொல்வான். ஹிரானோ என்கிற கிழவன் முதலில் மீன்பிடிப் படகுக்குப் பம்பு செய்தானாம். சண்டையில் குண்டு விழுந்து பட்டறை எரிந்துபோனதாம். எரிந்த இரும்பைப் பொறுக்கி ஒரு மூன்று சக்கர வண்டி செய்தானாம். அதில் முதல் ஆளாகத் தன் அம்மாவை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஒரு கோயிலுக்குப் போனானாம்.

"வழியில ஒரு எடத்துல நிக்கல மதினி. அன்னைக்கு மட்டும் நின்னுருந்தா இந்தக் கம்பெனியே கெடையாது."

"நின்னுருந்தா அந்தம்மா எறங்கி நடந்து போயிச் சாமி கும்பிட்டுருப்பா. நீ காப்பியக் குடி, ஆறுது."

"உங்களுக்கு எப்பவும் கேலிதான்."

"கேலி இல்லலே. பெத்த தாய ஏத்தி வண்டியச் சோதிச்சுப் பாத்திருக்கான் பாரு, அவன் என்ன பிள்ள?"

ரமா சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள். "அக்கா, இவருக்கு ஹிரானோதான் மூத்த சம்சாரம். நா இளையவ" என்பாள்.

இந்தக் கார் வைத்திருக்கிறவர்களெல்லாம் சேர்ந்து 'ஹிரானோ பரிவார்', அதாவது ஹிரானோ குடும்பம், என்று வாட்ஸப்பில் ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளந்தி ரோட்டில் ஒரு மிசல் பலகாரக் கடையில் கூடுவார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை என்னையும் கூட்டிப்போனார். ஒருத்தன் வாயிலிருந்தாவது 'என் வண்டி கெட்டுப்போச்சு' என்று ஒரு வார்த்தை வரவேண்டுமே? வராது. ஏசி வேலை செய்யாதவன் "சன்னல் காத்துதான் ஆரோக்கியம்" என்றான். வழியில் நின்று கிரேன் கட்டி இழுத்து வந்தவன் பெட்ரோல் பங்கைத் திட்டினான். பெற்ற பிள்ளையைக்கூட இப்படி யாரும் விட்டுக்கொடுக்காமல் பேச மாட்டார்கள். வாங்கிவிட்டோமே, இனி அதைக் குறை சொன்னால் நம்மையே குறை சொன்ன மாதிரி என்று அவர்களுக்கு. எல்லோரிலும் அதிகம் நம்பினவன் அச்சுதன்.

கம்பெனி ஒருநாள் நம் நாட்டில் கடையை மூடிக்கொண்டு போய்விட்டது. கார் விற்ற இடத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட்டார்கள். அச்சுதன் மட்டும், "விக்கிறத நிறுத்துனா என்ன மதினி, பார்ட்ஸ் குடுப்போம்னு வாக்குக் குடுத்துருக்காங்க. ஜப்பான்காரன் வாக்கு" என்றான்.

போன வருஷம் பங்குனியில் என் வீட்டுக்காரர் செத்துப்போனார். காலையில் பல் தேய்க்கப் போனவர், அங்கேயே விழுந்தார். எங்கள் கார் கீழே நின்ற இடத்திலேயே நின்றது. பதினைந்து வருஷக் கெடு முடிந்ததும் அச்சுதன் தன் வண்டிக்குப் பதிவுக் காகிதத்தைப் புதுப்பித்துவிட்டான், இவர் புதுப்பிக்கவில்லை. வண்டி இறந்த மனுஷன் பேரில் கிடந்தது. ரோட்டில் எடுக்க முடியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே என் மகன் முரளியிடம் சொன்னேன், அதைத் தள்ளி விடுடா என்று. அவன் ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். "பாக்கலாம்மா" என்றான். பார்க்கவில்லை.

அதற்கு முன்பே ரமாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தது. வாரம் மூன்று நாள். அச்சுதன் தன் வெள்ளைக் காரில் கூட்டிப்போவான். முன் சீட்டைப் பின்னால் முழுக்கச் சாய்த்துவிடலாம், கட்டில் மாதிரி ஆகிவிடும். ஊசி போட்டு ரத்தம் எடுத்துச் சுத்தம் பண்ணி ஏற்றின பிறகு அவள் துவைத்துப் போட்ட துணி மாதிரி ஆகிவிடுவாள். உட்கார முடியாது, குமட்டும். காரில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டால் வீடு வந்துவிடும். "ஆஸ்பத்திரி நரகம் அக்கா, கார் சொர்க்கம்" என்று என்னிடமே சொன்னாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் அந்தக் கார் பாலத்தின் நடுவில் நின்றது. எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. கியர்பாக்ஸ் போய்விட்டது. ரமாவை யாரோ ஒரு காய்கறி டெம்போக்காரன் ஏற்றிக்கொண்டு வந்து விட்டான்.

மறுநாள் அச்சுதனைப் படியில் பார்த்துக் கேட்டேன்.

"ஜப்பான்லேருந்து வருது மதினி. கப்பல்ல. சொல்லியாச்சு."

"அதுவரைக்கும்?"

"ரிக்ஷா இருக்கே."

"எங்க வண்டிய எடுத்துக்கிட்டுப் போயேன்ல."

"காகிதம் இல்லாம எப்படி மதினி? போலீசு புடிச்சா ரமாவ வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்கணும்."

அது நியாயம். நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு வண்டியின் குடலை எடுத்து இன்னொரு வண்டிக்கு வைக்கலாம் என்று எனக்கு எவன் சொன்னான்? நான் பள்ளிக்கூடம் போனவளா, பட்டறைக்குப் போனவளா?

வேறு கார் வாங்கு என்றும் சொல்லிப்பார்த்தேன். வந்துவிடும் மதினி, வந்துவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். கைக்காசெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று எனக்கும் தெரியும், அதற்கு மேல் நெருக்கவில்லை.

ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல். ரமாவை நான் கூட்டிப்போனேன். போகும்போது பேசிக்கொண்டு வந்தாள். திரும்பும்போதுதான் பார்த்தேன். போனில் கூப்பிட்ட டாக்ஸி வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி வராமல் போனது. ஆட்டோ பிடித்தோம். ஆளந்தி ரோட்டில் குழி இல்லாத இடம் எது? ஒவ்வொரு குழிக்கும் அவள் பல்லைக் கடித்தாள். ஒரு ஸ்பீட் பிரேக்கரில் தூக்கிப்போட்டதில் கையில் கட்டியிருந்த கட்டு நனைந்து சிவந்துவிட்டது. என் முந்தானையை வைத்து அழுத்திப் பிடித்தேன்.

"பையா, ஜரா தீரே!" மெதுவாகப் போப்பா என்று ஆட்டோக்காரனிடம் கத்தினேன். அவன் என்ன செய்வான் பாவம், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது.

"அக்கா, கார் வந்துரும்னு சொல்லுதாரு. நீங்க நம்புதீகளா?"

"அவன் ஜப்பான்காரன நம்புதான். நா அவன நம்புதேன். வேற என்னத்தச் செய்ய?"

அவளுக்கு வாந்தி வந்தது. பையை விரித்துப் பிடித்தேன்.

இப்படித்தான் மழைக்காலம் போனது, குளிர்காலமும் வந்தது. அத்தனையிலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அச்சுதன் கீழே போய் எங்கள் சாம்பல் காரைத் துடைப்பான். தன் காரைத் துடைக்க மாட்டான், எங்கள் காரை. மேலே மூடியிருக்கிற துணியை உதறி, கண்ணாடியெல்லாம் ஈரத்துணியால் துடைத்து, திரும்ப மூடிவிட்டு வருவான். பெண்டாட்டி மேலே படுத்துக் கிடக்கிறாள், இவனுக்குச் செத்தவர் காரைத் துடைக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மேல் அவ்வளவு பாசம் என்றும் நினைத்தேன்.

தை மாதம் ரமா போய்விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், ஆட்டோவில், அவன் தோளில் சாய்ந்தபடி. வீட்டு வாசலுக்கு வந்து எழுப்பும்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

பங்குனியில் என் வீட்டுக்காரருக்குத் தலைத்திவசம் வந்தது. முரளி லீவு போட்டு வந்திருந்தான். பந்தி முடிந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அச்சுதன் மட்டும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மோர் ஊற்றப் போனேன். சோற்றைப் பிசையாமல் என்னைப் பார்த்தான்.

"மதினி, இன்னையோட அண்ணாச்சிக்கு வருசம் கழிஞ்சிட்டு. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"நம்ம பரிவார்ல சவரிமுத்துன்னு ஒருத்தரு, விமான் நகர்ல இருக்காரு. அவரு வண்டில கியர்பாக்ஸ் போயிட்டு. அண்ணாச்சி வண்டில உள்ளத எடுத்துக்கிடச் சம்மதிப்பீகளா?"

"அதுல உள்ளத இதுல மாட்டலாமா?"

"ஒரே வண்டிதான மதினி. அப்படியே பொருந்தும்."

மோர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"அப்ப கப்பல்ல வருதுன்னியே, அது?"

அவன் சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.

"ஏல, ஒன்னத்தான் கேக்கேன்."

"வராது மதினி. அவங்க அதச் செய்யறத நிறுத்தி ரொம்ப காலமாச்சு. வண்டி பாலத்துல நின்ன மறுநாளே மெக்கானிக் சொல்லிட்டான். பூனா முழுக்க விசாரிச்சாச்சு. நல்லா இருக்குதது அண்ணாச்சி வண்டில உள்ளது ஒண்ணுதான்னான்."

"தெரிஞ்சுக்கிட்டா அத்தன மாசமும் அவள ஆட்டோல வச்சு இழுத்த?"

"வருசம் கழியலையே மதினி. எங்க அப்பா செத்த பதினாறாம் நாளு எங்க சித்தப்பா வந்து அப்பா சைக்கிளக் கேட்டாரு. அம்மா ஒண்ணும் சொல்லாம எடுத்துக் குடுத்துட்டா. அன்னைக்கும் சாப்பிடல, மறுநாளும் சாப்பிடல. தலைத்திவசம் கழியுமுன்ன போயிக் கேக்குதது, பொணத்து மேல கெடக்க கோடித்துணிய உருவுத மாதிரி. ஒங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

"ஏல, நா என்ன ஒங்க அம்மாவா? எனக்கு அந்தத் தகரத்து மேல என்ன காதலா? பதினாறாம் நாளே தூக்கிப் போடச் சொன்னவ நா. கேளு, இந்தா நிக்கானே, இவன்ட்ட கேளு!"

முரளி சுவரோடு சுவராக நின்றான். அச்சுதன் அவனைப் பார்க்கவில்லை.

"விக்காம வச்சிருந்தீகளே மதினி. தெனமும் காலைல பால்கனில நின்னு அதையே பாத்துக்கிட்டு இருப்பீகளே. அண்ணாச்சி நெனப்புல நிக்கீகன்னு..."

"தண்ணி லாரி வருதான்னு பாத்தேன்ல, மடையா!"

சமையலறையில் யாரோ கரண்டியை வைக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. நான் திட்டினேன். என் வாயில் என்னென்ன வந்ததோ எல்லாவற்றையும் திட்டினேன். அவனை, அவன் சித்தப்பனை, வாக்குக் கொடுத்துவிட்டு ஓடின ஜப்பான்காரனை, திவசத்துக்கு லீவு கிடைத்து ஒரு காரைத் தள்ள லீவு கிடைக்காத என் மகனை. செத்தவருக்கு மரியாதை கொடுக்கிறேன் என்று உயிரோடு இருந்தவளை இவன் குழியில் தூக்கிப்போட்டு எடுத்திருக்கிறான். செத்துப்போன மனுஷனே எழுந்து வந்திருந்தால் இவனைச் செருப்பால் அடித்திருப்பார். அவருக்கு ரமா தங்கச்சி மாதிரி.

மூச்சு வாங்கினபோது கேட்டேன்.

"ரமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒரு தடவ சொன்னா, 'அக்காட்டக் கேளுங்களேன்'னு. பங்குனி வரட்டும்னேன். சரின்னா. அப்புறம் அவ கேக்கல."

"ஏல, அத இப்ப ஒன் வண்டிக்கே மாட்டிக்கிடேன். எவனோ ஒருத்தனுக்கு எதுக்கு?"

"நா எங்க போகணும் மதினி?"

முரளியிடம் சாவியை எடுத்து வரச் சொன்னேன். அச்சுதனுக்கு வலது கை எச்சில், சோறு விரலில் காய்ந்துபோயிருந்தது. சாவியை இடது கையால் வாங்க மாட்டேன் என்று எழுந்தான். அந்த நேரத்திலும் மரியாதை. கை கழுவப் போனான்.

பின்பக்கம் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. கழுவி முடித்துவிட்டு வருவான் என்று பார்த்தேன், வரவில்லை. எட்டிப் பார்த்தேன். குழாய் முழுக்கத் திறந்திருந்தது, கையை அதன் அடியில் நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். தோள் மட்டும் ஆடியது. பங்குனி மாதம், கட்டடம் முழுக்கத் தண்ணீருக்கு அடித்துக்கொள்கிறது. ஒரு சொம்பு சிந்தினால்கூட விடாதவள் நான். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து அவன் இலையை மடித்தேன்.