அவித்த உருளைக்கிழங்கால் போகவிருந்த வேலை

இங்கிலாந்தில் ஓராண்டு தோல் பதனிடும் படிப்பு படித்துவிட்டுத் திண்டுக்கல் திரும்பிய புதிதில், தோல் ஷாப்பு என்று ஊரில் சொல்லும் பதனிடும் ஆலையின் முதலாளி ஒருவர் வேலை விஷயமாகத் தம் வீட்டுக்கு வரச் சொன்னார்.

பேசி முடிக்கையில் மதியமாகிவிட்டது. "பிரியாணி இருக்கு, சாப்ட்டுட்டுப் போங்க தம்பி" என்றார். சீமைக்குப் போய் வந்த மிடுக்கு விடுமா? "காரமெல்லாம் பழக்கம் விட்டுப் போச்சுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் முகம் வாடிவிட்டது. எனக்கென்று ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் வந்தன. இங்கிலாந்தில் ஓராண்டும் நான் அழாத குறையாகத் தின்றதே அதைத்தான்!

முதலாளி தொழுகைக்குக் கிளம்பினார். வாசனை தாங்காமல் பிரியாணிச் சட்டியைத் திறந்து, ஒரு கை அள்ளி வாயில் திணித்தேன். அந்த நேரம் பார்த்து, மறந்த தொப்பியை எடுக்க அவர் திரும்பி வந்தார். வேலை போச்சு என்று விழுங்கவும் முடியாமல் நின்றேன்.

அவரோ சிரித்துவிட்டார். "இந்தச் சோறு எறங்காத ஆளு இங்கன எம்புட்டு நாளைக்குத் தங்குவாரு, மறுபடி கப்பல் ஏறிருவாருன்னு வேணாம்னு சொல்ல இருந்தேன் தம்பி. உக்காந்து நல்லா சாப்டுங்க. நாளைக்கே வேலைக்கு வந்துருங்க."

இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சாப்பிட்டுவிடுகிறேன். சீமைக் கதை, கை கழுவிய பிறகுதான்.