தேனீக்கள் புகுந்த ரயில்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணனுக்கு ஜோலார்பேட்டையில் பெண் பார்த்துவிட்டு, அம்மாவும் அவனும் நானும் பாசஞ்சர் ரயிலில் பெங்களூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவனுக்கு அங்கே பீன்யா தொழிற்பேட்டையில் லேத் வேலை. பெண்ணைப் பிடித்திருந்தது. அம்மா கேட்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

வழியில் சிக்னலுக்காக வண்டி நின்றது. பாதையோரத்து மரத்தில் பெரிய தேன்கூடு இருந்திருக்கிறது. எதனால் கலைந்ததோ, தேனீக்கள் பெட்டிக்குள் கொட்டியதுபோல் வந்து விழுந்தன. ஜன்னல்கள் இறங்க மறுத்தன. என் முகம் முழுக்கக் கொட்டிவிட்டன. அண்ணன் பெட்ஷீட்டை உதறி, அம்மாவையும் என்னையும் சேர்த்துப் போர்த்தினான்.

"தலைய வெளிய நீட்டாதீங்க. கதவ சாத்திட்டு வந்துடறேன்."

கதவருகே கூட்டம் முட்டி மோதிக்கொண்டு அடுத்த தண்டவாளத்தில் குதித்துக்கொண்டிருந்தது. அந்தத் தண்டவாளத்தில் எதிரே ஒரு எக்ஸ்பிரஸ் வந்தது. போர்வைக்குள் இருந்த எங்களுக்கு அதன் சத்தம் மட்டும்தான் கேட்டது. கதவைச் சாத்தப் போனவன் குதித்தானா, கூட்டம் தள்ளியதா என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கண்கள் வீங்கித் திறக்கவே இல்லை. பிணவறை ஊழியர் கன்னடத்தில், "யாரு நோட்தீரா?" என்று, யார் பார்க்கிறீர்கள் எனக் கேட்டார்.

"பெத்தவ நான். நானே பாக்கறேன்" என்று அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சட்டை அவனுதுதான்" என்றாள்.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள், "தேனீயா?" என்று இரண்டாம் முறை கேட்டார்கள். ஒருவர் தன்னையறியாமல் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். டிரைவர் தூங்கியிருந்தால் அவனைச் சபித்திருக்கலாம். எங்களுக்குத் திட்டக்கூட ஆளில்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா வந்தார்.

"என் பொண்ண ராசியில்லாதவன்னு பேசறாங்கம்மா. யாரும் கேட்டு வர மாட்டேங்கறாங்க. அவ மேல தப்பில்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

அம்மா எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே அவர் போனார். அம்மாவுக்குப் பதிலாக நானாவது பேசியிருக்கலாம்.