ஐந்தாவது கட்டத்தில் விழுந்த டிக்குகள்

முன்பின் தெரியாதவர்களிடம் போய், உங்களுக்கு நடந்த மோசமான காரியம் எது, அது எத்தனை தடவை நடந்தது என்று கேட்டு டிக் வாங்கி வருவதும் ஒரு பிழைப்புதான். தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருஷம் நான் அதைச் செய்தேன். பம்பாயில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டுத் திருப்பூருக்குத் திரும்பியிருந்த சமயம். எட்டாவது வரை தமிழிலும் அப்புறம் இங்கிலீஷிலும் படித்தவள் என்பதால், ஒரு கல்லூரியின் உளவியல் பேராசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். பனியன் கம்பெனிப் பெண்களுக்கு வேலையிடத்தில் நடக்கும் கொடுமைகளையும், அவர்கள் தங்களை யாரென்று நினைக்கிறார்கள் என்பதையும் அளக்க ஒரு கேள்வித்தாள். அதைத் தமிழாக்கி, பதில் வாங்கி, சராசரி எடுத்துக் கொடுக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்குக்கோ வாக்காளர் பட்டியலுக்கோ அட்டையும் பேனாவுமாக வாசல் வாசலாக ஏறி இறங்கியவர் யாராவது இதைப் படித்தால், நீங்களெல்லாம் எனக்குச் சொந்தம். செருப்பு தேய்ந்ததை விடுங்கள். பதிலைக் கேட்ட பிறகு வரும் அசதி உங்களுக்குத்தான் தெரியும்.

டீயோடு வந்த பதில்

அந்தக் கம்பெனியின் முதலாளி மரியாதையானவர். தோட்டமும் காடுமாக விவசாயம் பார்த்த குடும்பம், பிற்பாடு பனியனுக்கு வந்தது. "கடைசில வர்ற ரிப்போர்ட்டுல எனக்கும் ஒரு காப்பி வேணுமுங்க, அவ்வளவுதான்" என்று சொல்லித் தன் ஆபீஸ் ரூமையே கொடுத்தார். உதவிக்கு, தைத்த பனியன்களில் ஓட்டை, கறை பார்த்துப் பிரிக்கும் செக்கிங் டேபிள்களில் ஒன்றின் சூப்பர்வைசரையும் கொடுத்தார்.

சூப்பர்வைசர் ஒவ்வொரு பெண்ணாக அழைத்து வந்து, எனக்கு டீ வைத்துவிட்டு, கதவோரம் நின்றுகொண்டார். கெட்ட வார்த்தையில் திட்டுவது உண்டா? இல்லீங்க. பனியன் பீஸை முகத்தில் எறிவது? இல்லீங்க. மேலே கை வைப்பது? ஐயோ, இல்லீங்க. தாளில் ஐந்து கட்டங்கள்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில சமயம், அடிக்கடி, எப்போதும். சாயங்காலம் வரை முதல் கட்டத்தைத் தவிர மற்ற நாலும் வெள்ளையாகவே இருந்தன. எல்லோரும் ஒரே பதில் சொன்னால் புள்ளியியலுக்கு வேலையே இல்லை. சோர்ந்துபோய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அற்புதம் என்ற பெண் பக்கத்தில் வந்தாள். மூலனூர்ப் பக்கத்துக்காரி, அந்தச் சூப்பர்வைசரின் டேபிளில் ஆறு வருஷமாக இருப்பவள்.

"அந்தாளு டீ கிளாஸ வெச்சுப்போட்டு அங்கயே நிக்கற வரைக்கும் எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க டீச்சர்."

குடோனுக்குப் பின்னால்

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில், புதுத் தாள்களோடு வேஸ்ட் துணி குடோனுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முதல் கட்டம் மெல்ல மெல்லக் காலியானது. படிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே டிக் போடலாம் என்றேன். வாயால் சொல்வதைவிட அது சுலபம்.

அற்புதம் சோற்றுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கேள்வியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். சிலவற்றில் வெகுநேரம் விரல் நகரவில்லை. கடைசியில் தாளைத் திருப்பித் தந்தாள். இருபது கேள்வி; இருபதிலும் ஐந்தாவது கட்டம், எப்போதும். நான் மடித்துப் பைக்குள் வைத்தேன். அவள் எழுந்து போகவில்லை.

"என்ற தங்கச்சி பத்தாவது பரீச்சை முடிச்சுட்டு சித்திரைல இதே டேபிளுக்கு வாராளுங்க. அதுக்குள்ள மொதலாளி இதப் படிச்சுருவாருங்களா?"

பெருமைப்படும் குழு

கேள்வித்தாளின் இரண்டாம் பாகம், நான் யார் என்பது. 'என் குழுவைச் சேர்ந்தவள் என்பதில் பெருமைப்படுகிறேன்' என்று ஒரு வாக்கியம். இங்கிலீஷில் அது கம்பீரமாக இருந்தது. தமிழில் கேட்டால் எல்லோரும், "எந்தக் குழுங்க? சீட்டுக் குழுவா?" என்றார்கள். சாதியா, ஊரா, கம்பெனியா என்று நான் சொல்லிக் கொடுக்கக் கூடாது, அது விதி.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஓவர்லாக் டெய்லர் அம்மா, நூல் அறுக்கிற கத்தரியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். நான் ஐந்து கட்டங்களையும் மறுபடி படித்துக் காட்டினேன்.

"ஊருக்குப் போனா திருப்பூர்க்காரி வந்துட்டாங்காவ, இங்க வந்தா தெக்கத்திக்காரிங்காவ, நீங்களே ஒரு நல்ல கட்டமாப் பாத்துப் போட்டுக்கிடுங்கம்மா."

இரண்டாம் தடவை

பதினைந்து நாள் கழித்து, அதே ஆட்களிடம் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். பதில் மாறாமலிருந்தால் அளவுகோல் நம்பத்தக்கது. இதை விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும். பாதிப் பேர், போன தடவை எழுதியதை நான் தொலைத்துவிட்டேன் என்று பரிதாபப்பட்டுத்தான் பதில் சொன்னார்கள்.

அற்புதம் பரிதாபப்படவில்லை. மறுபடி விரல் வைத்துப் படித்தாள், மறுபடி ஐந்தாவது கட்டத்தில் இருபது டிக் போட்டாள். பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"பதனஞ்சு நாள்ல அந்தாளு திருந்தியிருப்பான்னு பாக்க வந்தீங்களாங்க?"

தள்ளிவைத்த தாள்

பேராசிரியர் தாள்களைப் புரட்டி, அற்புதத்தின் இரண்டு தாள்களையும் தனியே எடுத்து வைத்தார். மேலிருந்து கீழே ஒரே கட்டத்தில் டிக் இருந்தால், படிக்காமல் போட்டது என்று பொருள்; கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் சார், படித்துத்தான் போட்டாள் என்றேன். "நம்பறேன் மேடம். ஆனா நாளைக்கு யாராவது கேட்டா, மேடம் பக்கத்துல உக்காந்திருந்தாங்கன்னு எழுத முடியாதே" என்றார். அவர் சொன்னதும் நியாயம். அந்த நியாயத்தைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்தேன்.

பங்குனி பாதி போயிருந்தது. பார்க்கும்போதெல்லாம் "என்ற தாளு மொதலாளிகிட்டப் போச்சுங்களா?" என்று கேட்கும் அற்புதத்திடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. நீக்கிவிட்டார்கள், எல்லாம் ஒரே கோடாக இருக்கிறதாம் என்றேன். அவள் கோபப்படவில்லை. கையிலிருந்த பனியனை வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பிடித்தாள்.

"பீஸ்ல ஒரு ஓட்டை இருந்தா ரிஜெக்டுல போடுவமுங்க, மேலருந்து கீழ வரைக்கும் ஒரே கோடு ஓடுச்சுன்னா நிட்டிங் மிஷின்ல ஊசி ஒடஞ்சிருக்குதுன்னு அர்த்தம், அதுக்குத் துணியையாங்க சந்தேகப்படுவாங்க?"

டேபிள் வாரியாக

இதைப் பேராசிரியரிடம் அப்படியே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு தாள்களையும் கட்டுக்குள் திரும்ப வைத்தார். "மொத்தமா சராசரி எடுக்க வேண்டாம் மேடம். டேபிள் டேபிளாப் பிரிங்க" என்றார். இரண்டு நாள் கூட்டினேன். கம்பெனி மொத்தத்துக்கும் எடுத்த சராசரி 'எப்போதாவது'வுக்குப் பக்கத்தில் சாதுவாக நின்றது. பிரித்தபோது ஒன்றைத் தவிர எல்லா டேபிளும் அதற்குக் கீழே இருந்தன. அந்த ஒன்று 'அடிக்கடி'யைத் தாண்டிப் போயிருந்தது. நல்ல டேபிள்களெல்லாம் சேர்ந்து அந்த ஒன்றை மூடி வைத்திருந்தன.

முதலாளி முதல் பக்கத்தைப் படித்து, "பரவால்லீங்களே" என்று சிரித்தார். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. எந்த டேபிள் என்று அவர் கேட்கவில்லை. "நா பாத்துக்கறனுங்க" என்றார். அடுத்த வாரமே சூப்பர்வைசரை அவிநாசிபாளையத்தில் இருக்கும் மச்சினர் கம்பெனிக்கு மாற்றிவிட்டார்.

சித்திரையில் போனேன். அற்புதத்தின் பக்கத்தில் தங்கை நின்று பனியன் மடித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் முகஜாடை, அக்காவிடம் இல்லாத சிரிப்பு. நானும் கொஞ்சம் பெருமையாகவே, பார்த்தாயா, தாள் போய்ச் சேர்ந்தது என்றேன். அற்புதம் என் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். அப்புறம் விட்டுவிட்டு அடுத்த பீஸை எடுத்தாள்.

"அவிநாசிபாளையத்துலயும் செக்கிங் டேபிள் இருக்குதுங்க டீச்சர், அந்தப் புள்ளைங்களுக்குத் தாளு குடுத்தாச்சுங்களா?"

அளக்கிற வேலையில் ஒரே ஒரு சௌகரியம், கடைசிப் பக்கத்தில் 'ஆய்வு நிறைவுற்றது' என்று அச்சடித்து அதன் கீழே நாம் கையெழுத்துப் போட இடமும் விட்டிருப்பார்கள்.