பள்ளத்திலிருந்து வந்த ‘ஓ’

கல்லூரி நண்பர்களோடு போனக்காடு மலைக்குச் சைக்கிளில் போகிறேன் என்று மகள் சொன்னபோது முடியாது என்றேன். யானை, அட்டை, பிரேக் பிடிக்காத இறக்கம் என்று பயப்படத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். “அப்போ நீங்களே கூட்டிட்டுப் போங்க” என்று முடித்துவிட்டாள். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு விதுரா வழியாக மலையேறினோம். அவள் ஓட்டுவாள், நான் நடப்பேன். என் கண் பார்வையை விட்டுப் போகக் கூடாது. அதுதான் பேச்சு.

சோதனைச் சாவடியில் இருந்த வனக்காவலர் எங்களையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சைக்கிள் ஒண்ணு, ஆள் ரெண்டு. ஆரு சவிட்டும், ஆரு தள்ளும்?”

“இறக்கத்துல நான் சவிட்டும், ஏத்தத்துல அப்பா தள்ளும்” என்று, மிதிப்பதற்கு அவர் சொன்ன சொல்லிலேயே பதில் சொன்னாள் மகள். அவர் சிரித்துக்கொண்டே தடுப்புக் கம்பைத் தூக்கினார்.

மேலே, காரை நிறுத்திய இடத்திலிருந்து பாதை ஒரு பழைய தேயிலைத் தோட்டத்துக்குள் போனது. கவாத்து செய்ய ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் மரங்களாகியிருந்தன. தொழிலாளர்கள் இருந்த லயன் வீடுகளில் பாதிக்கு மேல் கூரை இல்லை. பாதைக்கு மேலே ஒரு வீட்டின் முன்னால் மட்டும் கொடியில் துணி தொங்கியது. ஆள் யாரையும் காணவில்லை. பறவைச் சத்தம்கூட இல்லை என்பதைக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் கவனித்தேன்.

மகள் ஒவ்வொரு வளைவிலும் நின்று, நான் தெரிந்ததும் மணியடித்துவிட்டுப் போவாள். பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. பாதையின் ஓரம் தெரியாமல் போனது. அடுத்த வளைவில் அவள் இல்லை. மணியும் கேட்கவில்லை.

“மக்களே!” என்று கத்தினேன்.

எங்கள் பக்கத்துத் தமிழில் ஒரே பிள்ளையைக்கூட ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு வைத்த பெயர் பள்ளிக்கூடத்துக்கும் பாங்குக்கும்தான். வீட்டில் யாரும் சொல்வதில்லை.

“ஓ” என்று பதில் வந்தது. இடப்பக்கம், கீழேயிருந்து.

எங்கள் ஊரில் கூப்பிட்டால் ‘ஓ’ என்பதுதான் பதில். உயிர் திரும்பி வந்தது. குறுக்கு வழியில் இறங்கியிருக்கிறாள் என்று நினைத்து, செடிகளுக்கு நடுவே தெரிந்த ஒற்றையடித் தடத்தில் நானும் இறங்கினேன்.

“மக்களே, அங்ஙனயே நில்லு! நான் வாறேன்!”

“ஓ.”

எவ்வளவு இறங்கியும் குரல் பக்கத்தில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி அதே ‘ஓ’. அப்போதுதான் எனக்குள் ஏதோ இடறியது. என் மகள் இரண்டாவது தடவையே எரிந்து விழுவாள். “என்னப்பா, காது கேக்கல்லியா?” என்பாள். இந்த ‘ஓ’வில் எரிச்சலே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே நீளம், ஒரே பொறுமை.

காலடியில் ஒரு கல் பெயர்ந்து உருண்டது. அது விழுந்த சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. பனி சற்று விலகியபோது எனக்கு முன்னால் இன்னும் இரண்டு செடிகள்தான் இருந்தன. அதற்கப்பால் வெறும் வெண்மை. அடியில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம்.

செடியைப் பிடித்துக்கொண்டு அவளுடைய முழுப் பெயரையும் சொல்லிக் கத்தினேன்.

“அப்பா!” என்று அழுகைக் குரல் என் முதுகுக்குப் பின்னால், மேலேயிருந்து வந்தது. “நான் ரோட்டுலயே நிக்கேன்!”

ஏறிப் போனேன். நான் பாதையை விட்டு இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, செயின் கழன்ற சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸோடு நின்றாள்.

“விளிச்சா பதில் சொல்லப்பிடாதா?”

“நீங்கதானான்னு தெரியல்ல.”

“என் குரல் தெரியாதா உனக்கு?”

“குரல் உங்க குரல்தான். ஆனா மேலேருந்தும் வந்துச்சு, கீழேருந்தும் வந்துச்சு. எல்லா அப்பாவும் மக்களேன்னுதானே விளிக்கும்? பேரச் சொன்னப்பதான் என்னையாக்கும்னு மனசிலாச்சு.”

“அப்போ ஓ, ஓன்னு சொன்னது?”

“நான் வாயே தொறக்கல்லப்பா.”

பிறகு என் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது எதிரொலி என்றார்கள். அவள் கேட்டது எதிரொலியாக இருக்கலாம். ஆனால் எதிரொலி என் சொல்லைத்தான் திருப்பித் தர வேண்டும், எனக்குப் பதில் சொல்லக் கூடாது. துணி காயப்போட்ட வீட்டில் யாரோ தங்களைத்தான் அப்பா கூப்பிடுகிறார் என்று ஏமாந்திருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன். ஆனால் அந்த வீடு பாதைக்கு மேலே இருந்தது.

கார் வரை சைக்கிளை ஒரு கையால் தள்ளி, மறு கையால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அவள் கையை விலக்கவில்லை.

விதுரா வந்ததும் போனில் சிக்னல் கிடைத்தது, கூடவே அழைப்பும் வந்தது. காரை ஓரங்கட்டினேன். மனைவிதான்.

“மக்க சாப்பிட்டுச்சா?”

‘மக்க’ என்ற அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. மகளின் பெயரைச் சொல்லி, பக்கத்தில்தான் இருக்கிறாள் என்றேன்.

மனைவி பதறினாள். “எதுக்குப் பேரச் சொல்லுதிய? என்ன ஆச்சு அவளுக்கு? உள்ளதச் சொல்லுங்க.”

மகள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“ஒண்ணுமில்லம்மா. செயின் கழண்டு போச்சு, அவ்ளோதான்” என்றாள். பேசிக்கொண்டே, நாங்கள் இறங்கி வந்த மலைப் பக்கம் பார்த்தபடி, தன் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றினாள்.