பிலோமி அக்கா தனியாப் போய்ப் பார்த்த நோயாளி

பிலோமி அக்கா போயிட்டாங்க.

காலையில ஸ்கூல் யூனிஃபார்ம் தச்சிட்டு இருந்தேன். மாதா கோயில்ல துக்க மணி அடிச்சுது. மெஷினை நிறுத்திட்டு எப்பவும் போல பிலோமி அக்காவுக்குத்தான் போன் போட்டேன்.

"யக்கா, யாராம்? எத்தன மணிக்குப் போவோம்?"

எடுத்தது அவங்க பெரிய மக. கொஞ்ச நேரம் அழுகை மட்டும்தான் கேட்டுச்சு. அப்புறம், "சித்தி... அம்மாதான் சித்தி."

அப்படித்தான் எனக்குத் தெரிஞ்சுது.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். புன்னக்காயல்ல எங்க கோயில் சபையில நோயாளிகளைப் போய்ப் பார்க்கிறது எங்க வேலை. குளிப்பாட்டணும், நகம் வெட்டணும், பக்கத்துல உக்காந்து செபம் சொல்லணும். இறந்துட்டா உடுத்தி விடுறதும் நாங்கதான். தனியா யாரும் போகக்கூடாது, ரெண்டு பேராத்தான் போகணும்னு சபையில சட்டமே உண்டு.

பதினோரு வருஷமா நானும் அக்காவும் ஜோடி.

சேர்ந்த புதுசுல "ஏன்க்கா ரெண்டு பேரு?"ன்னு கேட்டேன். "ஒருத்தி அழுதுட்டா இன்னொருத்தி செபத்த முடிக்கணும்லாட்டி"ன்னாங்க. பெரும்பாலும் அழுதது நான். முடிச்சது அவங்க.

அவங்க வீட்டுக்கார மாமா கடல்ல தவறின பிறகு கருவாடு வித்துத்தான் ரெண்டு பொம்பளப் பிள்ளைகளையும் நர்சிங் படிக்க வச்சாங்க. கூடையை இறக்கி வச்சு, கையைக் கழுவிட்டு, "கிளம்புட்டி"ன்னு என் வாசல்ல வந்து நிப்பாங்க. கைப்பையில செபமாலையும் நகவெட்டியும் எப்பவும் இருக்கும்.

ஒரு தடவை வள்ளத்துல மீன் பிடிக்கப் போற பையன் ஒருத்தன், வியாதியைப் பொண்டாட்டிட்ட மறைச்சுட்டான். அக்கா அவன் கட்டில் பக்கத்துலயே நின்னு பிடிபிடின்னு பிடிச்சாங்க.

"ஏலே, அவ நாளைக்கு ஊர் வாயால கேக்கணுமோ? ஒங்கூட இருக்கவளுக்கு நீ செய்யுத துரோகம் இது. இன்னைக்கே சொல்லு."

துரோகம்... அவங்க வாயால சொன்ன வார்த்தைதான்.

போன வருஷம் கடைசியில இருந்து புதன்கிழமை புதன்கிழமை பாளையங்கோட்டைக்குக் கிளம்பினாங்க. மக வீடு அங்க. "பேத்தியப் பாத்துட்டு, அப்படியே பெரியாஸ்பத்திரில ஒரு பொம்பள கெடக்கா, அவளையும் பாத்துட்டு வாரேன்"னாங்க.

நானும் வாரேன்னு சொன்னேன். விடல. "அவ யாரையும் பாக்க மாட்டேங்கா. என்னய மட்டுந்தான் விடுதா."

எனக்குக் கோவம். சட்டம் என்ன ஆச்சுன்னு கேட்டேன். சிரிச்சாங்க.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல அந்த வாரம் யார் யாரைப் பார்த்தோம்னு சொல்லணும். அக்கா எழுந்து "ஆஸ்பத்திரியில ஒரு நோயாளியைச் சந்திச்சேன். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டா. வேண்டிக்கோங்க"ன்னு சொல்லிட்டு உக்காருவாங்க. நாங்களும் அந்தப் பேர் தெரியாத பொம்பளைக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவோம்.

நகமெல்லாம் கறுத்துப் போச்சே, என்னக்கான்னு கேட்டேன். "கணவா மீனு சுத்தம் பண்ணினேன்ட்டி, மை போவ மாட்டேங்கு"ன்னாங்க. நம்பிட்டேன்! பிறந்ததுல இருந்து கணவா அறுக்கிறவ நான். அந்த மை நகத்துல எத்தனை நாள் நிக்கும்னு எனக்குத் தெரியாதா?

கோயில்ல மட்டும் போடுற முக்காடு எப்பவும் தலையிலயே இருந்துச்சு. "கன்னியாஸ்திரியா போகப் போறியளோ"ன்னு கேலி பண்ணினேன். அதுக்கும் சிரிச்சாங்க.

இனி சொல்லப்போறதை எழுதாம விட்டுடலாம்னுதான் நினைச்சேன். ஆனா அக்காவைக் குத்தம் சொல்லிட்டு என் குத்தத்தை மறைக்க முடியாது.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு கூட்டம் முடிஞ்சு வரும்போது எரிச்சல்ல கேட்டேன். "மொகம் தெரியாத அவளுக்கு இன்னும் எத்தன நாளைக்குக்கா வேண்ட? நேரம் வந்தா போய்ச் சேரட்டுமே. இங்கன எத்தன பேரு கெடக்காவ... எல்லா புதனும் அவளுக்கேவா?"

அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டாங்க. அப்புறம் "அவளும் அதத்தாம்ட்டி சொல்லுதா"ன்னாங்க.

பெரியாஸ்பத்திரியில எந்தப் பொம்பளையும் இல்ல. அக்காவேதான். மார்புல கட்டி. நகம் கறுத்து முடி கொட்டுற அளவுக்கு எட்டு மாசமா மருந்து ஏத்திட்டு வந்திருக்காங்க. இதெல்லாம் இன்னைக்கு மக சொல்லித்தான் தெரியும்.

போன மாசம் "பேத்திக்குக் காய்ச்சல், ரெண்டு வாரம் இருந்துட்டு வாரேன்"னு போனாங்க. பேத்திக்கு ஊளிக் கருவாடு குடுத்து விட்டேன். எந்தக் காய்ச்சலும் இல்ல. ரெண்டு வாரம் முடிஞ்சு ஊருக்கு வந்திருப்பாங்கன்னு நினைச்சுத்தான் காலையில போன் போட்டேன்.

ஃபாதருக்குத் தெரிஞ்சிருக்கு. பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிட்டுப் போன ஆட்டோக்கார அண்ணாச்சிக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல.

ஏன்னு மககிட்ட கேட்டேன். "சித்திட்ட சொன்னா அழுதுட்டே கெடப்பா, அப்புறம் நோயாளிய யாரு பாப்பான்னு சொல்லிட்டாவ சித்தி."

நல்லா இருக்குக்கா உங்க நியாயம். ஊருக்கெல்லாம் நகம் வெட்டி விட்டேனே, உங்களுக்கு ஒரு நாள் வெட்டி விட்டிருக்க மாட்டேனா? அந்தப் பையனுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?

மத்தியானம் பெட்டி வந்துச்சு. அங்கேயே உடுத்திக் கொண்டு வந்துட்டாங்க. எனக்குன்னு ஒரு வேலையும் மிச்சம் வைக்கல.

பக்கத்துல உக்காந்து செபமாலை தொடங்கினேன். நடுவுல அழுகை வந்துச்சு. முடிக்கிறதுக்குப் பக்கத்துல ஆள் இல்ல... நானே முடிச்சேன்.

இத்தனை மாசமா பேர் இல்லாம வேண்டின அந்தப் பொம்பளைக்கு இன்னைக்குத்தான் பேர் சொல்லி வேண்டினேன். பிலோமினா.

போயிட்டு வாங்க யக்கா. எனக்குக் கோவம் இன்னும் போகல.